ஒரு இளவரசரைச் சுட்டதுக்கா முதல் உலகப்போர் வந்துச்சு?

கேட்டது இதுதான்: சரஜேவோவுல ஒரு பையன் ஒரு இளவரசரைச் சுட்டதுக்கு எப்படி பாதி உலகம் நாலு வருஷம் அடிச்சுக்கிச்சு, பழிய ஜெர்மனி தலையில கட்டுனது நியாயமா, அதனாலதான் ஹிட்லர் வந்தாரா, இதுல இந்தியாவுக்கு என்ன ஆச்சு. ஒரே கேள்வி மாதிரி கேட்டுட்டீங்க, ஆனா உள்ள நாலு கேள்வி இருக்கு. கொஞ்சம் நீளமாத்தான் போகும், டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

முதல்ல ஸ்கூல்ல படிச்சத ஓரமா வைங்க. ராணுவவாதம், கூட்டணிகள், ஏகாதிபத்தியம், தேசியவாதம், "உடனடிக் காரணம்: சரஜேவோ படுகொலை"ன்னு அஞ்சு மார்க் கேள்விக்கு எழுதுவோம்ல, அதுல எதுவும் தப்பு இல்ல. ஆனா அப்படிப் படிக்கிறப்ப மழை பெய்ஞ்ச மாதிரி போர் தானா வந்து விழுந்துச்சுன்னு ஒரு எண்ணம் வந்துடும். அப்படி இல்ல. கொலை நடந்ததுக்கும் பெரிய போர் ஆரம்பிச்சதுக்கும் நடுவுல அஞ்சு வாரம் இருக்கு. அந்த அஞ்சு வாரத்துல வியன்னா, பெர்லின், பீட்டர்ஸ்பர்க், பாரிஸ், லண்டன்னு அஞ்சு ஊர்ல மொத்தமா ஒரு சில டஜன் ஆளுங்க உக்காந்து முடிவெடுத்தாங்க, எடுத்த ஒவ்வொரு முடிவையும் வேற மாதிரி எடுத்திருக்கலாம். என்னோட கருத்து இதுதான், மிச்சம் எல்லாம் அதுக்கு விளக்கம்.

1914 ஜூன் 28. ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசோட பட்டத்து வாரிசு ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட், மனைவி சோஃபியோட போஸ்னியாவோட தலைநகர் சரஜேவோவுக்கு வர்றார். போஸ்னியாவ ஆஸ்திரியா 1908ல தன்னோட சேத்துக்கிட்டதுல பக்கத்துல இருந்த செர்பியாவுக்கும், போஸ்னியாவுல இருந்த செர்பியர்களுக்கும் செம கடுப்பு. காலையில ஒருத்தன் காரைப் பாத்து குண்டு வீசுறான், அது தவறிப் போய் பின்னாடி வந்த காருக்குப் பக்கத்துல வெடிக்குது, ஆளுங்களுக்கு அடி. அத்தோட ஊருக்குக் கிளம்பியிருந்தா கதையே வேற. ஆனா அடிபட்டவங்கள ஆஸ்பத்திரியில பாக்கணும்னு இளவரசர் சொல்றார், போற ரூட்டை மாத்துறாங்க, அத டிரைவர்கிட்ட யாரும் சொல்லல, அவர் பழைய ரூட்லயே வண்டியத் திருப்ப, தப்புன்னு கத்த, வண்டி நின்ன இடத்துல கவ்ரிலோ பிரின்சிப்னு ஒரு 19 வயசுப் பையன் துப்பாக்கியோட நிக்கிறான். (அவன் சாண்ட்விச் வாங்க வந்தப்ப எதேச்சையா கார் வந்துச்சுன்னு வாட்ஸ்அப்ல சுத்துற கதை கட்டுக்கதை, நம்பாதீங்க.) ரெண்டு பேரும் செத்துப் போயிடுறாங்க. பிரின்சிப்புக்கு 20 வயசு ஆகலங்கறதால தூக்கு கிடையாது, 20 வருஷ ஜெயில், 1918 ஏப்ரல்ல காசநோய்ல ஜெயில்லயே செத்தான்.

இதுல கொடுமை என்னன்னா, ஆஸ்திரியாவுல "செர்பியாவோட சண்டை வேண்டாம்"னு சொல்லிக்கிட்டிருந்த பெரிய தலைகள்ல ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் ஒருத்தர். படைத்தளபதி கான்ராட் வருஷக்கணக்கா செர்பியாவ அடிக்கணும்னு துடிச்சுக்கிட்டிருந்தார், அவரத் தடுத்துக்கிட்டிருந்தவரத்தான் செர்பியப் பையன் சுட்டுட்டான். தடுக்க ஆள் இல்லாமப் போச்சு, அடிக்கக் காரணமும் கெடச்சாச்சு.

கொலைக்குப் பின்னாடி செர்பிய அரசாங்கம் இருந்துச்சான்னா, அரசாங்கமா இல்ல. ஆனா ஆயுதம் குடுத்து எல்லை தாண்டி அனுப்பினது 'கருப்புக் கை'ங்கற ரகசியக் கும்பல், அதோட தலைவன் அபிஸ் அப்ப செர்பிய ராணுவ உளவுத்துறைக்கே தலைவர். அதனால ஆஸ்திரியாவோட கோவத்துல நியாயமே இல்லன்னு சொல்ல முடியாது. ஒரு பெரிய நாட்டோட வாரிசைக் கொன்னா அது சும்மா விடாது. உடனே போய் ரெண்டு அடி அடிச்சிருந்தா ஐரோப்பா பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பாத்துட்டு இருந்திருக்கும்னு கூட சொல்றவங்க உண்டு.

ஆனா ஆஸ்திரியாவுக்குத் தனியா போக தைரியம் இல்ல, செர்பியாவுக்குப் பின்னாடி ரஷ்யா நிக்குது. அதனால ஜூலை 5ஆம் தேதி பெர்லின்ல போய் கேக்கிறாங்க. கைசர் (ஜெர்மன் பேரரசர்) இரண்டாம் வில்ஹெல்ம், "என்ன வேணா பண்ணுங்க, ரஷ்யா வந்தாலும் நாங்க இருக்கோம்"ங்கற அர்த்தத்துல வாக்கு குடுத்துடுறார். வரலாத்துல இத வெத்து செக்னுதான் சொல்லுவாங்க, தொகை எழுதாம கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தது. குடுத்துட்டு மனுஷன் கப்பல் ஏறி நார்வே பக்கம் டூர் போயிட்டார்.

ஜெர்மனி ஏன் அப்படி குடுத்துச்சு? இங்கதான் பழைய கணக்கு வருது. 1871ல ஜெர்மனிய ஒண்ணாக்கின பிஸ்மார்க் பிரான்ஸ்கிட்ட இருந்து அல்சாஸ்-லொரைனப் புடுங்கினார், அதனால பிரான்ஸ் எப்பவும் எதிரிதான்னு அவருக்குத் தெரியும், அதுக்காகவே ரஷ்யாவ கையில வச்சுக்கிட்டார். 1890ல அவர வீட்டுக்கு அனுப்பினதும் ரஷ்யாவோட இருந்த ஒப்பந்தத்தப் புதுப்பிக்காம விட்டுட்டாங்க, நாலே வருஷத்துல ரஷ்யாவும் பிரான்சும் கூட்டு சேர்ந்துடுச்சு. அப்புறம் கைசருக்குக் கப்பற்படை ஆசை வந்துச்சு. கடல்ல பிரிட்டனோட போட்டி போட்டா பிரிட்டன் சும்மா இருக்குமா, 1904ல பிரான்சோடயும் 1907ல ரஷ்யாவோடயும் தகராறுகளப் பேசித் தீத்துக்கிட்டு அந்தப் பக்கம் சாஞ்சிடுச்சு. "எல்லாரும் சேந்து நம்மள வளைச்சுட்டாங்க"ன்னு ஜெர்மனி புலம்பினதுல உண்மை இருக்கு, ஆனா அந்த வளையத்துல பாதிய அவங்களே கட்டுனாங்க. இதுக்கு மேல ரஷ்யா பெரிய ராணுவத் திட்டம் போட்டிருந்துச்சு, 1917 வாக்குல முடியும்னு கணக்கு. அதனால பெர்லின் தளபதிங்க மனசுல ஓடினது, சண்டை வர்றதா இருந்தா இப்பவே வரட்டும், மூணு வருஷம் போனா நம்மால முடியாது. பயத்துல போருக்குப் போனவங்கதான் அதிகம், திமிர்ல போனவங்க அதுக்கு அடுத்துதான்.

ஆஸ்திரியா உடனே அடிச்சுதான்னா அதுவும் இல்ல. ஹங்கேரி பிரதமர் டிசா முதல்ல ஒத்துக்கல, படை வீரங்க பாதிப் பேரு அறுவடை லீவுல ஊருக்குப் போயிருந்தாங்க, பிரெஞ்சு ஜனாதிபதி வேற அப்ப ரஷ்யாவுல விருந்தாளியா இருந்தார், ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து முடிவெடுத்துடக் கூடாதுன்னு அவர் கப்பல் ஏறுற வரைக்கும் காத்திருந்து ஜூலை 23 சாயங்காலம் செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை குடுத்தாங்க. 48 மணி நேரம் டைம், பத்து நிபந்தனை. செர்பியா பெரும்பாலும் வளைஞ்சு குடுத்துடுச்சு, ஆஸ்திரிய அதிகாரிங்க எங்க மண்ணுல வந்து விசாரிக்கக் கூடாதுங்கறத மட்டும் உறுதியா மறுத்துச்சு. டூர் முடிஞ்சு திரும்பின கைசர் ஜூலை 28 காலையில அந்தப் பதிலப் படிச்சுட்டு, இதோட போருக்கான காரணமே போயிடுச்சுன்னு ஓரத்துல எழுதினார். அதே நாள் ஆஸ்திரியா தந்தி அடிச்சு போர் அறிவிச்சுடுச்சு. வெத்து செக் குடுத்தவர் வேண்டாம்னு நினைக்கிறப்ப செக் பேங்குக்குப் போயாச்சு.

அதுக்கப்புறம் நடந்தத நாள் நாளா பாத்தா தலை சுத்தும். கைசரும் ரஷ்ய ஜாரும் சொந்தக்காரங்க, "வில்லி", "நிக்கி"ன்னு ஒருத்தருக்கொருத்தர் தந்தி அடிச்சுக்கிட்டாங்க. ஜூலை 29 ராத்திரி ஜார் நிக்கோலஸ் முழுப் படைதிரட்டல ரத்து பண்றார், மறுநாள் மதியம் அமைச்சரும் தளபதிங்களும் சூழ்ந்துக்கிட்டதும் மறுபடி உத்தரவு போட்டுடுறார். ரஷ்யா திரட்ட ஆரம்பிச்சா ஜெர்மனியால சும்மா இருக்க முடியாது, ஏன்னா ஜெர்மனிகிட்ட இருந்தது ஒரே ஒரு திட்டம்: முதல்ல மேற்க பெல்ஜியம் வழியா பாய்ஞ்சு பிரான்ஸ ஆறு வாரத்துல முடிச்சுட்டு, அதே ரயில்ல படைய கிழக்க கொண்டு வந்து, மெதுவா திரள்ற ரஷ்யாவ சமாளிக்கிறது. சண்டை ரஷ்யாவோட, ஆனா முதல் அடி பிரான்ஸுக்கு, அதுவும் எந்த வம்புக்கும் போகாத பெல்ஜியம் நெஞ்சுல மிதிச்சு. ஆகஸ்ட் 1ஆம் தேதி கைசர், "மேற்க வேண்டாம், படை முழுக்கக் கிழக்க திருப்பு"ன்னு சொன்னப்ப தளபதி மோல்ட்கே, லட்சக்கணக்கான ஆளோட நகர்வ இப்படி திடீர்னு மாத்த முடியாதுன்னுட்டார். ரயில்வே டைம்டேபிள் ஒரு பேரரசரையே கட்டிப்போட்டுச்சு.

பிரிட்டன் என்ன பண்ணுச்சு? அமைச்சரவையே ரெண்டா நின்னுச்சு. 1839ல பெல்ஜியத்தோட நடுநிலைக்குக் கையெழுத்து போட்ட நாடுகள்ல பிரிட்டனும் ஒண்ணு, ஜெர்மனி உள்ள நுழைஞ்சதும் ஆகஸ்ட் 4ஆம் தேதி இறங்கிடுச்சு. பெல்ஜியம் உண்மையான காரணம்தான், ஆனா பிரான்ஸ் நசுங்கிப் போய் ஜெர்மனி கடற்கரை வரைக்கும் வந்து உக்காந்தா நம்ம கதி என்னங்கற பயமும் கூடவே இருந்துச்சு. லண்டன் முன்னாடியே "பெல்ஜியத்துல கால வச்சா நாங்க வருவோம்"னு பளிச்சுன்னு சொல்லியிருந்தா பெர்லின் யோசிச்சிருக்குமோன்னு இன்னைக்கும் வாதம் ஓடுது.

கூட்டணிதான் எல்லாரையும் இழுத்துச்சுன்னு சொல்றத நான் முழுசா ஏத்துக்க மாட்டேன். இத்தாலி ஜெர்மனி கூட்டணியில 1882ல இருந்து இருந்துச்சு, 1914ல "நீங்கதான சண்டைக்குப் போனீங்க, எனக்குப் பொறுப்பு இல்ல"ன்னு ஒதுங்கிட்டு அடுத்த வருஷம் எதிர்ப் பக்கம் போய் சேந்துச்சு. ஒப்பந்தம் கட்டிப்போட்டுச்சுன்னா இத்தாலிய ஏன் கட்டல?

பழி கணக்கு கேட்டா, என் பார்வையில ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் முதல் பங்கு. அவங்கதான் சின்னப் போரு ஒண்ண வேணும்னே உண்டாக்கினாங்க, அது பெருசாகும்னு தெரிஞ்சே பந்தயம் கட்டினாங்க. ரஷ்யாவோட அவசரம் அடுத்தது, பிரான்ஸ் ரஷ்யாவ அடக்காம தட்டிக் குடுத்தது அதுக்கும் அடுத்தது. 1960கள்ல ஜெர்மன் வரலாத்தாசிரியர்களே இத வச்சு தங்களுக்குள்ள பெரிய சண்டை போட்டுருக்காங்க, இன்னும் முடியல. வேற மாதிரி வாதாடுறவங்கள முட்டாள்னு சொல்ல மாட்டேன்.

போர் எப்படி நடந்துச்சுங்கறதுக்குள்ள ரொம்ப போகல. செப்டம்பர்ல பிரான்ஸ்ல மார்ன் ஆத்துப் பக்கத்துல ஜெர்மன் திட்டம் ஒடஞ்சுது, அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் பதுங்குகுழி தோண்டி உக்காந்துட்டாங்க. மெஷின் கன் எதிர்ல நடந்து போறது எவ்வளவு பைத்தியக்காரத்தனம்னா, 1916 ஜூலை 1, பிரான்ஸ்ல நடந்த சோம் சண்டையோட முதல் நாள்ல மட்டும் பிரிட்டிஷ் படையில 19,000க்கு மேல செத்தாங்க. ஒரே நாள். நாலு வருஷ முடிவுல எல்லா நாட்டுலயும் சேத்து 90 லட்சத்துல இருந்து ஒரு கோடி வரைக்கும் சிப்பாய்ங்க போயிட்டாங்க, பொதுமக்கள் கணக்கு தனி. ஒட்டோமான் பேரரசுல (அதாவது அப்பத்திய துருக்கியில) 1915ல ஆர்மீனியர்கள கூட்டம் கூட்டமா பாலைவனத்துக்கு விரட்டிக் கொன்னது இந்தப் போரோட மறைவுல நடந்ததுதான்.

ஐரோப்பா சண்டை எப்படி உலகப்போர் ஆச்சுன்னா, காலனி வழியாத்தான். பிரிட்டன் அறிவிச்ச நிமிஷமே இந்தியாவும் போர்ல, யாரையும் கேக்கல. நம்ம ஊருக்கே அது சீக்கிரம் வந்துடுச்சு: 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மனியோட எம்டன் போர்க்கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிர்ல வந்து நின்னு பர்மா ஆயில் கம்பெனி டாங்குகள சுட்டு எரிச்சுட்டு, கொஞ்ச நேரத்துலயே திரும்பிப் போயிடுச்சு. சேதம் பெருசா இல்ல, பீதிதான் பெருசு, ஜனங்க மூட்டை முடிச்சோட ஊரைக் காலி பண்ணாங்க. கேப்டன் முல்லரோட அந்தக் கப்பல நவம்பர் 9ல கோகோஸ் தீவுகிட்ட ஆஸ்திரேலியாவோட சிட்னி கப்பல் முடிச்சுது. பத்து லட்சத்துக்கு மேல இந்திய ஆளுங்க வெளிநாட்டுக்குப் போனாங்க, பிரான்ஸ், கிழக்கு ஆப்பிரிக்கா, கலிப்போலி, பாலஸ்தீனம், எல்லாத்துக்கும் மேல மெசபடோமியா, அதாவது இன்னைக்கு ஈராக். சுமார் 74,000 பேர் திரும்பி வரல. அங்க கூட்-அல்-அமாராவுல 1916 ஏப்ரல்ல ஒட்டோமான் படைகிட்ட சரணடைஞ்ச பிரிட்டிஷ் இந்தியப் படையில பெரும்பாலானவங்க இந்தியர்கள்தான், கைதியா பாலைவனத்துல நடத்தியே ஆயிரக்கணக்கானவங்களக் கொன்னாங்க.

இப்ப முடிவுக்கு வருவோம், ஏன்னா ஹிட்லர் கேள்விக்கு பதில் அங்கதான் இருக்கு. 1918 செப்டம்பர் கடைசியில, ஜெர்மன் படைய நடத்திக்கிட்டிருந்த லூடண்டார்ஃபே "உடனே போர்நிறுத்தம் கேளுங்க, தாங்காது"ன்னு அரசாங்கத்துகிட்ட சொன்னார். ஆனா நவம்பர் 11 கையெழுத்துப் போடப் போனது தளபதிங்க இல்ல, எர்ஸ்பெர்கர்ங்கற சிவிலியன் அரசியல்வாதி. எதிரிப் படை அப்ப ஜெர்மனிக்குள்ள வந்திருக்கவே இல்ல. அதனால ஊர்ல இருந்த ஜனங்களுக்கு தோத்தோம்னே நம்ப முடியல. அடுத்த வருஷமே தளபதி ஹிண்டன்பர்க் விசாரணைக் குழு முன்னாடி நின்னு, படை தோக்கல, முதுகுல குத்திட்டாங்கன்னு கூசாம சொன்னார். அந்தப் பொய்க்கு யூதர்களும் சோஷலிஸ்டுகளும் பலி ஆனாங்க, எர்ஸ்பெர்கர 1921லயே சுட்டுக் கொன்னாங்க. தோல்விக்குக் காரணமானவங்க நல்ல பேரோட வீட்டுக்குப் போக, குப்பைய அள்ள வந்தவங்க துரோகி ஆனாங்க. எனக்கு இந்தப் போரோட விளைவுகள்ல ரொம்ப விஷமானது, 1919ல ஜெர்மனிகிட்ட கையெழுத்து வாங்கின வெர்சாய் ஒப்பந்தத்த விட இதுதான்னு தோணும்.

வெர்சாய் ஒப்பந்தம் கொடூரமா? கடுமைதான், சந்தேகமில்ல. காலனி எல்லாம் போச்சு, நிலத்துல எட்டுல ஒரு பங்கு அளவுக்குப் போச்சு, ராணுவம் ஒரு லட்சத்துக்கு மேல கூடாது, 231வது பிரிவுல நஷ்டத்துக்கெல்லாம் நீதான் பொறுப்புன்னு எழுதி வாங்கினாங்க, 1921ல 13,200 கோடி தங்க மார்க்னு பில் போட்டாங்க. ஆனா அந்தத் தொகையில பெரும்பகுதி, தங்கள் நாட்டு ஜனங்களக் காட்டி சமாதானப்படுத்த எழுதின நம்பர், நிஜமா எதிர்பார்த்தது 5,000 கோடிதான். அதோட ஜெர்மனி தான் ஜெயிச்ச நேரத்துல, 1918 மார்ச்ல, ரஷ்யாகிட்ட பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க்ல எழுதி வாங்கினது இத விட எவ்வளவோ மோசம். அதப் பத்தி ஜெர்மனியில யாரும் கண்ணீர் விடல.

1923 பணவீக்கத்துக்கும் நஷ்டஈடு மட்டும் காரணம் இல்ல. போருக்குச் செலவழிச்சத வரி போட்டு வசூலிக்காம கடன் வாங்கியே ஓட்டினாங்க, ஜெயிச்சா தோத்தவன்கிட்ட வாங்கிக்கலாம்னு. தோத்தாச்சு. நஷ்டஈடு ஒழுங்கா வரலன்னு பிரான்ஸ் ஜெர்மனியோட ரூர் தொழிற்பகுதியில படைய விட்டப்ப, வேலைய நிறுத்தின தொழிலாளிங்களுக்கு சம்பளம் குடுக்க நோட்டு அடிச்சுத் தள்ளினாங்க, நவம்பர்ல ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். சேமிப்பு வச்சிருந்த நடுத்தர வர்க்கம் ஒரே வருஷத்துல ஓட்டாண்டி.

ஆனா தேதியப் பாருங்க. அதுக்கப்புறம் நிலைமை சரியாகி, 1928 தேர்தல்ல ஹிட்லரோட நாஜிக் கட்சிக்கு கெடச்சது 2.6 சதவீதம். வெர்சாய் கோவந்தான் ஹிட்லரக் கொண்டு வந்துச்சுன்னா 1928ல ஏன் கொண்டு வரல? 1929 பொருளாதார வீழ்ச்சி வந்துச்சு, 1930ல 18.3, 1932 ஜூலையில வேலையில்லாதவங்க லட்சக்கணக்குல தெருவுல நிக்கிறப்ப 37.3. அதே 1932 ஜூலையில லோசான்ல கூடி நஷ்டஈட்ட கிட்டத்தட்ட தள்ளுபடியே பண்ணிட்டாங்க, அதாவது ஹிட்லர் பதவிக்கு வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடி. நவம்பர்ல நாஜி ஓட்டு குறையவும் செஞ்சுது. 1933 ஜனவரியில ஹிட்லர சான்சலர் (பிரதமர் மாதிரி பதவி) ஆக்கினது முன்னாள் சான்சலர் பாப்பனும் அவர் கூட்டாளிங்களும், "நாம வச்சு ஆட்டலாம்"ங்கற நெனப்புல. கையெழுத்து போட்ட ஜனாதிபதி? அதே ஹிண்டன்பர்க்.

மத்த விளைவுகள வேகமா சொல்லிடுறேன். ரஷ்ய, ஜெர்மன், ஆஸ்திரிய, ஒட்டோமான்னு நாலு பேரரசு காணாமப் போச்சு. ரஷ்யாவுல 1917 புரட்சி. அமெரிக்கா கடன்காரனா இருந்து கடன் குடுக்கிறவனா மாறுச்சு. ஒட்டோமான் நிலத்த பிரிட்டன் மூணு பேருக்கு மூணு விதமா வாக்கு குடுத்துச்சு: மெக்காவோட ஆட்சியாளர் ஹுசைனுக்கு அரபு ராஜ்யம்னு கடிதம், 1916ல பிரான்சோட ரகசியமா பாகப்பிரிவினை, 1917 நவம்பர்ல பாலஸ்தீனத்துல யூதர்களுக்குத் தாயகம்னு பால்ஃபர் அறிவிப்பு. டிவியில இன்னைக்கு வர்ற செய்திக்கு மூலப் பத்திரம் அங்க இருக்கு.

கடைசியா இந்தியா. போர்ல உதவி பண்ணா சுயாட்சி கெடைக்கும்னு நம்பி 1918ல காந்தியே குஜராத்ல கேடாவுல ஊர் ஊராப் போய் படைக்கு ஆள் சேத்தார். கெடச்சது 1919 மார்ச்ல ரௌலட் சட்டம், போர்க்கால அடக்குமுறைய அமைதிக் காலத்துக்கும் நீட்டுறது. அத எதிர்த்து ஹர்த்தால் பண்ணலாம்ங்கற யோசனை அவருக்கு மெட்ராஸ்ல ராஜாஜி வீட்டுல தங்கியிருந்தப்பதான் வந்துச்சு. ஏப்ரல் 13 ஜாலியன்வாலா பாக். சுட்டு மூணு மாசம் கூட ஆகல, வெர்சாய் ஒப்பந்தத்துல இந்தியா பேர்ல, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவும் பிகானீர் மகாராஜா கங்கா சிங்கும் கையெழுத்து போட்டாங்க, அடிமை நாடு சர்வதேச சங்கத்துல (லீக் ஆஃப் நேஷன்ஸ்) நிறுவன உறுப்பினர் வேற. கலீஃபாவா இருந்த துருக்கி சுல்தான நேசநாடுகள் நடத்தின விதத்துல கிலாஃபத் இயக்கம் கிளம்பி, 1920 ஒத்துழையாமையோட சேந்துச்சு.

அதோட திரும்பி வந்த படைவீரங்களோட பம்பாய்ல இறங்கின இன்ஃப்ளூயன்சா இந்தியாவுல ஒரு கோடிக்கு மேல ஆள விழுங்கிச்சு, போர்ல செத்த இந்தியர்களோட ஒப்பிட்டா நூறு மடங்குக்கு மேல. அரிசி, துணி, உப்பு விலை ஏறி 1918 செப்டம்பர்ல மெட்ராஸ்ல கடைகள சூறையாடினாங்க. அதே வருஷம் ஏப்ரல்ல பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக்) மில் தொழிலாளிங்கள வச்சு வாடியாவும் திரு.வி.க.வும் மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சதுக்கும், பழைய சம்பளத்துல புது விலைக்கு வாழ முடியலங்கறது ஒரு பெரிய காரணம். பாடப் புத்தகத்துல தொழிற்சங்கம் ஒரு பாடத்துலயும் உலகப்போர் வேற பாடத்துலயும் இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல அரிசி விலை இருந்துச்சுன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல.